புத்ராஜெயாவில் ஒரு பெரட்டு

நாட்டின் மிக உயர்ந்த நீதிமன்றத்தில் நான் ஒருமுறை பேசியிருக்கிறேன். அங்கே நின்று பேசும் வாய்ப்பு எல்லா வக்கீல்களுக்கும் கிடைப்பதில்லை என்று பிற்பாடு கேள்விப்பட்டேன். அப்போது எனக்கு வயது பன்னிரண்டு. யாரும் கூப்பிடாமலேயே எழுந்து பேசினேன்.

எங்கள் ரப்பர் தோட்டம் கோப்பெங்கிலிருந்து உள்ளே தள்ளி இருந்தது. பழைய கம்பெனி அதை விற்றுவிட்டுப் போகும்போது, லயத்து வரிசை வீடுகளில் இருந்த இருபத்துமூன்று குடும்பங்களுக்கும் ஆளுக்கொரு வீடு கட்டித் தருவதாக எழுதிக் கொடுத்திருந்தது. நிலத்தை வாங்கியவர்கள் அந்தத் தாளைத் திருப்பிக்கூடப் பார்க்கவில்லை. வாக்குக் கொடுத்தது நாங்கள் இல்லை, காலி செய்யுங்கள் என்றார்கள். முதலில் தண்ணீரை வெட்டினார்கள், பிறகு விளக்கை. குளத்தில் குளித்தோம், மண்ணெண்ணெய் விளக்கில் சாப்பிட்டோம், வழக்குப் போட்டோம். ஈப்போவில் ஜெயித்து, அதற்கு மேலே தோற்றோம். பாக்கி இருந்தது ஒரே படி.

அந்தப் படி எவ்வளவு உயரம் என்பதைப் பள்ளி வேன் ஓட்டிக்கொண்டிருந்த சித்தப்பாதான் எல்லோருக்கும் விளக்கினார்.

“ஈப்போ கோர்ட்டு கணக்கு எழுதற கிராணி மாதிரி. நம்மள தோக்கடிச்சது சின்ன தொரை. இப்ப போறது பெரிய தொரைகிட்ட. அவரு சொல்லிட்டா அதுக்கு மேல பேச்சே இல்ல.”

“பெரிய தொரைக்கு மேல லண்டன்ல கம்பெனி இருக்குமே?” என்றார் பெரியம்மா. அம்மாவின் அக்கா. பக்கத்து வீடு.

“முன்ன இருந்துச்சு. கடைசி அப்பீல் கடல் தாண்டி லண்டனுக்குத்தான் போவும். இந்தப் புள்ள பொறக்கறதுக்கு முன்னயே அத நிறுத்திட்டாங்க லா. இப்ப நம்ம ஊரு ஜட்ஜுங்களே முடிச்சிருவாங்க. கோர்ட்டு பேர மட்டும் ரெண்டு தடவ மாத்துனாங்க.”

“தோட்டத்த வித்த மாதிரி கோர்ட்டையும் வித்துட்டானா வெள்ளக்காரன்?”

“விக்கல அக்கா. நாமதான் போதும்னு சொல்லிட்டோம்.”

பெரியம்மா சிரிக்கவில்லை. வழக்குத் தாளில் அப்பாவின் பெயர் முதலில் இருந்ததிலிருந்தே அவர் எங்கள் வீட்டில் சிரிப்பதில்லை. அப்பாவின் பெயருக்குப் பிறகு ‘மற்றும் இருபத்திரண்டு பேர்’ என்று மட்டும் அட்டையில் போட்டிருந்தது. உள்ளே எல்லார் பெயரும் வரிசையாக இருக்கிறது என்று அப்பா எத்தனையோ முறை சொல்லிப் பார்த்தார். பெரியம்மாவுக்குப் படிக்கத் தெரியாது. வீட்டுக்கு வீடு வந்துகொண்டிருந்த மீன்குழம்பு நின்றுபோனது.

தன் பெயர் விட்டுப்போயிற்று என்ற அவர் பயத்துக்குக் காரணம் இருந்தது. தோட்டத்தில் விடிவதற்கு முன்னால் பெரட்டு நடக்கும். மண்டோராக ஆட்களை வேலைக்கு அனுப்பும் அப்பா புத்தகத்தைப் பிரித்து ஒவ்வொரு பெயராகக் கூப்பிடுவார். கூப்பிட்டதும் “இருக்கேன்” என்று குரல் வர வேண்டும். குரல் வராவிட்டால் அன்றைக்கு வேலை இல்லை. கூப்பிட மறந்தாலும் அதே கதிதான். ஆள் கண்முன்னால் நின்றாலும் லயத்துக்குத் திரும்பிப் போக வேண்டியதுதான். அப்பாவுக்கு டார்ச் பிடித்துப் பிடித்தே எனக்கு அந்த வரிசை மனப்பாடம். வாய்ப்பாடு ஏழுக்கு மேல் வராது, பெரட்டு முழுதும் வரும்.

புத்ராஜெயாவுக்கு ஒரு பேருந்து பிடித்துப் போனோம். சின்னப் பிள்ளைகளை உள்ளே விட மாட்டார்கள் என்று வக்கீல் சொல்லியிருந்ததால், அக்காவின் பாஜு கூரோங் உடையை எனக்கு மாட்டி, கொண்டை போட்டு, வயதைக் கூட்டியிருந்தார் அம்மா. கட்டடத்தின் குவிமாடத்தைப் பார்த்ததும் சித்தப்பாவே சட்டைப் பொத்தானைக் கழுத்துவரை போட்டுக்கொண்டார். உள்ளே குளிர். செருப்பைக் கழற்றப்போன இரண்டு பேரைக் காவலர் தடுத்தார்.

ஐந்து நீதிபதிகள் வந்து உட்கார்ந்தார்கள். நடுவில் இருந்தவர் கண்ணாடி போட்ட ஓர் அம்மா. கீழே இருந்த அதிகாரி எழுந்து வழக்கை மலாயில் வாசித்தார். அப்பாவின் பெயர், மற்றும் இருபத்திரண்டு பேர்.

அப்பா சட்டென்று எழுந்து நின்று, “இருக்கேன்” என்றார். அவ்வளவு வருடப் பழக்கம். பிறகு வெட்கப்பட்டு உட்கார்ந்துவிட்டார். அதிகாரியும் தாளை மூடிவிட்டு உட்கார்ந்தார்.

பெரியம்மா என் தொடையைக் கிள்ளினார். “என்னாடி, உங்கப்பன் பேரோட நிறுத்திட்டாங்க? என் பேரு எங்க? அப்ப வீடு உங்களுக்கு மட்டுந்தானா?”

பின்வரிசையிலும் முணுமுணுப்பு கிளம்பியது. அப்பா திரும்பவே இல்லை. அவர் பின்கழுத்து வேர்த்திருந்தது. அவர் யாரையும் விடவில்லை, விட்டது அந்த அதிகாரிதான் என்று எல்லாருக்கும் காட்ட வேண்டும் போலிருந்தது. பெரட்டை எங்கே விட்டார்களோ அங்கிருந்து தொடர்ந்தால் சரியாகிவிடும் என்று நினைத்தேன். எழுந்தேன்.

“முனியம்மா!”

“இருக்கேன்!”

“சின்னசாமி!”

“இருக்கேன்!”

“அஞ்சலை!”

“இருக்கேன்!” பெரியவர்கள்தான், ஆனால் ஒருவர்கூட யோசிக்கவில்லை. பெயரைக் கேட்டதும் உடம்பு தானாக எழுந்தது.

ஆறாவது பெயர் பெரியம்மாவுடையது. அவர் இருக்கேன் சொன்ன சத்தத்தில் எதிர்த்தரப்பு வக்கீலின் பேனா கீழே விழுந்தது. அதற்குள் காவலர் என் கையைப் பிடித்துவிட்டார். நடுவில் இருந்த நீதிபதி கையை உயர்த்தினார். காவலர் கையை விட்டார்.

அந்தப் பிள்ளை என்ன செய்கிறது என்று நீதிபதி கேட்டார். எங்கள் வக்கீல் பெரட்டைப் பற்றி மலாயில் சொன்னார். நீதிபதி என்னை நேராகப் பார்த்தார்.

“இன்னும் எத்தனை பேர்?”

“பதினாறு பேர், புவான்” என்றேன்.

“எல்லார் பெயரும் எங்கள் முன்னால் இருக்கிறது. யாரும் விடுபடவில்லை. உட்கார்.”

நான் உட்கார்ந்து, அதைப் பெரியம்மாவுக்குத் தமிழில் சொன்னேன். அவர் மூச்சை விட்டுச் சாய்ந்துகொண்டார். பிறகு மடியிலிருந்து ஒரு புளிப்பு மிட்டாயை எடுத்து என் கையில் வைத்தார். அன்று மாலை மீன்குழம்பு வந்தது.

நீதிமன்றத்தில் நான் உட்கார்ந்த பிறகு எங்களில் ஒருவரிடமும் நீதிபதிகள் ஒன்றும் கேட்கவில்லை. தண்ணீர் வெட்டியதைச் சொல்லப் பெரியம்மா தயாராக வந்திருந்தார். காலி வாளியைக்கூடப் பேருந்தில் வைத்திருந்தார். அங்கே அதெல்லாம் கேட்பதில்லையாம். நடந்தது என்ன என்பதைக் கீழே உள்ள கோர்ட்டுகள் விசாரித்து எழுதியாகிவிட்டது. பழைய கம்பெனி கொடுத்த வாக்கு நிலத்தை வாங்கியவரையும் கட்டுப்படுத்துமா என்ற ஒரே கேள்வியைத்தான் மதியம் வரை திருப்பித் திருப்பிப் பேசினார்கள்.

வெளியே வந்ததும் அடி விழும் என்று எதிர்பார்த்தேன். அப்பா கொஞ்ச தூரம் நடந்துவிட்டுச் சொன்னார்:

“மூணாவதும் நாலாவதும் மாத்திக் கூப்பிட்ட. அஞ்சலைக்கு முன்னாடி ஆறுமுகம்.”

சில மாதங்களில் தீர்ப்பு வந்தது. கட்டுப்படுத்தும் என்றார்கள். சாலையோரம் இருபத்துமூன்று வீடுகள் எழுந்தன. அத்தனை பாடுபட்டுக் கிடைத்த வீட்டில் நான் மூன்று வருடம்கூட இருக்கவில்லை. மூன்றாம் படிவத்தோடு படிப்பை விட்டு, ஜெலாப்பாங்கில் ஒரு தொழிற்சாலை, பிறகு ஜொகூர், பிறகு சிங்கப்பூர் என்று போய்க்கொண்டே இருந்தேன். இப்போது ஆயர் தாவாரில் செம்பனைக் குலை லாரி ஓட்டுகிறேன். ஜெயித்தது பெரட்டினால்தான் என்று வெகுகாலம் நம்பிக்கொண்டிருந்தேன்.

போன மாதம் குலை ஏற்ற நின்ற இடத்தில், லயத்திலிருந்து ஓர் அக்கா கையில் தாளோடு வந்தார். அவர்கள் தோட்டமும் கைமாறியிருந்தது. அங்கேயும் வீடு தருவதாக ஒரு வாக்கு.

“தங்கச்சி, மலாய் படிப்பியா? வக்கீல் குடுத்தாரு. இது இருக்கிற வரைக்கும் பயப்படாதீங்கன்னாரு. என்னா எழுதியிருக்கு?”

தாளின் நடுவில் எங்கள் வழக்கு இருந்தது. அப்பாவின் பெயர், மற்றும் இருபத்திரண்டு பேர். புத்ராஜெயாவில் அந்தக் கூட்டரசு நீதிமன்றம் சொன்ன தீர்ப்புக்கு, அதற்குக் கீழே உள்ள எல்லா நீதிமன்றங்களும் கட்டுப்பட்டவை என்று எழுதியிருந்தது. படித்துச் சொன்னேன்.

“யாரு இவங்க இருபத்திரண்டு பேரு? நம்மள தெரியுமா அவங்களுக்கு?”

பெயர் சொல்லாத ஆள் கணக்கில் இல்லாத ஆள் என்று நினைத்துத்தான் நான் அன்றைக்கு எழுந்து நின்றேன். அந்த ஐந்து நீதிபதிகளும் இந்த அக்காவுக்கும் சேர்த்துத்தான் கேட்டுக்கொண்டிருந்தார்கள் என்பது அந்த வயதில் எனக்குத் தெரியவில்லை.

லாரி இன்ஜினை அணைத்துவிட்டு, இருபத்திரண்டு பெயரையும் அவருக்குச் சொன்னேன். அஞ்சலைக்கு முன்னாடி ஆறுமுகம்.