நகக்கண் அளவு பள்ளம்

வச்சலாவுக்கு எதைப் பார்த்தாலும் குமட்டாது. சதுரங்கப்பட்டினத்தில் பிறந்தவள், மீன் குடலைக் கையால் உருவிப் போட்டுவிட்டு, அதே கையைக் கழுவிச் சோறு தின்று வளர்ந்தவள். படூர் கம்பெனியில் வேலைக்குச் சேர்ந்தபோது, கசாப்புக் கடையில் ஆட்டுக்குடல் வாங்கி வந்து சோதனை மேசையில் பரப்புகிற வேலையை மற்ற இன்ஜினீயர்கள் மூக்கைப் பொத்திக்கொண்டு அவள் தலையில் கட்டினார்கள். முகம் சுளிக்காமல் செய்தாள்.

கம்பெனி செய்வது எண்டோஸ்கோப். வயிற்றைக் கிழிக்காமல், வாய் வழியாக உள்ளே விட்டுக் கல்லை எடுக்கிற வளையும் குழாய். உள்ளே நான்கு கம்பிகள் ஓடும். டாக்டர் கைப்பிடிச் சக்கரத்தைத் திருகினால் நுனி திரும்பும். அந்த நுனிதான் வச்சலாவின் வேலை. மற்ற கம்பெனிக்காரர்களின் நுனியைவிட முப்பது டிகிரி கூடத் திரும்ப வேண்டும் என்று முதலாளி ஹேமந்த் உயிரை வாங்கினான். எட்டு மாதம் மண்டையை உடைத்துக்கொண்டு, ரப்பர் உறை முடிகிற இடத்தில் நகக்கண் அளவுக்கு ஒரு பள்ளம் விட்டாள். நுனி திரும்பியது. ஹேமந்த் கேக் வெட்டினான்.

செங்கல்பட்டில் ஒரு தனியார் ஆஸ்பத்திரி முதல் குழாயை வாங்கியது. வச்சலாவின் அப்பா சடையனுக்குப் பித்தநாளத்தில் கல் வந்தபோது, அந்தக் குழாயையே போடச் சொல்லி டாக்டரிடம் கேட்டுக்கொண்டவளும் அவள்தான். கல் வெளியே வந்துவிட்டது. "என் பொண்ணு பண்ண மிஷினு" என்று சடையன் குப்பம் முழுக்கச் சொல்லித் தீர்த்தார்.

நாலு மாதம் கழித்துப் புகார் வந்தது. கழுவி வைத்த குழாயில் கிருமி இருக்கிறதாம்; இரண்டு நோயாளிகளுக்குக் காய்ச்சலாம். கழுவுகிற ஆளுக்குக் கழுவத் தெரியவில்லை என்று ஹேமந்த் பதில் எழுதினான். ஆஸ்பத்திரியும் குழாய் கழுவும் லோகநாயகியைப் பிடித்துக்கொண்டது. தப்பு என்னுடையதுதான் என்று அவள் கையெழுத்துப் போட ஒரு மெமோ தயாரானது. போட்டால் வேலை போய்விடும். அதற்கு முன்னால் பேருக்கு ஒரு தரம், கழுவக் கற்றுக்கொடுத்துவிட்டு வா என்று ஹேமந்த் வச்சலாவை அனுப்பினான்.

கழுவும் அறைக்கு ஜன்னல் கிடையாது. லோகநாயகிக்கு ஐம்பது வயதிருக்கும். காலையில் ஒரு நோயாளியிடமிருந்து வந்த குழாயை மருந்துத் தண்ணீரில் ஊறப்போட்டு, பிரஷ்ஷை மூன்று தரம் உள்ளே விட்டு இழுத்து, அலசி, காற்றடித்தாள். சொல்லிக்கொடுக்க ஒன்றுமே இல்லை.

"நான் கழுவுனதுல இன்னா தப்பு கீது, சொல்லுங்க மேடம்."

"நுனில ஒரு பள்ளம் இருக்குக்கா. அதுக்குள்ள பிரஷ் படணும்."

லோகநாயகி கண்ணாடியை ஏற்றிக்கொண்டு பார்த்தாள். பிறகு பிரஷ்ஷை வச்சலாவின் கையில் வைத்தாள். "இதுல எப்படிப் போவும்? நீங்களே கழுவிக் காட்டுங்க."

வச்சலா கழுவினாள். அரை மணி நேரம் கழுவினாள். பிரஷ்ஷை மாற்றினாள், ஊசியால் குடைந்தாள். கடைசியில் பொறுக்காமல் பிளேடால் ரப்பர் உறையைக் கீறி உரித்தாள். பள்ளத்துக்குள் கறுப்பும் மஞ்சளுமாக, பல்லிடுக்கு அழுக்கைப் போல ஏதோ அப்பியிருந்தது. அழுகிய மீன் நாற்றம் அவளுக்குப் பழக்கம். இது வேறு நாற்றம்.

ஆபீஸில் எப்படிச் சோதித்தார்கள்? ஆட்டு ரத்தம் தடவி, காயும் முன்னே அலசி, பாஸ் என்று முத்திரை குத்தினார்கள். இங்கே எல்லாக் குழாய்களுக்கும் சேர்த்து ஒரு நாளைக்கு ஏழு கேஸ், கழுவ ஒரே ஆள். குழாய் வாளியில் கிடந்து காய்கிறது. ஒருவர் உடம்புக்குள் போய்வந்த குழாயைக் கம்பெனியில் ஒரு பயலும் கழுவிப் பார்த்ததில்லை, அவள் உட்பட. அதற்குக் கேக் வேறு. த்தூ என்றிருந்தது.

ஹேமந்துக்குப் போன் போட்டாள்.

"டிசைன் பத்தி அங்க வாயத் தொறக்காத வச்சலா. பள்ளத்த அடைச்சா முப்பது டிகிரி போயிடும், அப்புறம் எவன் வாங்குவான்? அந்தம்மா கையெழுத்து போட்டா மேட்டர் முடிஞ்சுது. அவங்களுக்கு வேற வேலையா கிடைக்காது?"

வச்சலா போனை வைத்துவிட்டாள். "இது வந்ததுலேர்ந்து எத்தினி பேருக்குப் போட்டாங்கக்கா?"

லோகநாயகி கழுவல் நோட்டை எடுத்துக் கொடுத்தாள். குண்டு குண்டான கையெழுத்தில் நாற்பத்தொரு பேர். இருபத்து மூன்றாவது பேரில் வச்சலாவின் விரல் நின்றது.

"சடையனா? அவுரு உங்க நைனாவா? அன்னிக்கு எல்லார்கிட்டயும் சொல்லிக்கினு இருந்தாரு, எம் பொண்ணு பண்ணதுன்னு."

வச்சலாவுக்குக் குமட்டிக்கொண்டு வந்தது. குழாய் கழுவுகிற தொட்டியிலேயே வாந்தி எடுத்தாள். லோகநாயகி தண்ணீரைத் திறந்துவிட்டாள்.

வச்சலா வாயைத் துடைத்துக்கொண்டு, லோகநாயகியிடமிருந்து மெமோவை வாங்கினாள். அதன் பின்பக்கத்தில், இந்தப் பள்ளம் நான் வரைந்தது, இதை யாராலும் கழுவ முடியாது, நானே கழுவிப் பார்த்துத் தோற்றேன், இந்த நாற்பத்தொரு பேரையும் கூப்பிட்டுச் சோதியுங்கள் என்று எழுதி, பேரும் கம்பெனி அடையாள எண்ணும் போட்டாள். லோகநாயகி கையெழுத்துப் போட வேண்டிய இடத்தைக் குறுக்கே அடித்தாள்.

அப்புறம் அப்பாவுக்குப் போன் செய்தாள். "நைனா, நாளைக்குச் செங்கல்பட்டு வா. ரத்தம் டெஸ்ட் எடுக்கணும்."

"எதுக்கும்மா? அதான் உன் மிஷின உள்ள உட்டு எல்லாம் சுத்தமா எட்த்துட்டாங்களே" என்றார் சடையன்.