மைக்கில் என் பெயர் வந்த விதம்

மெல்லிசைக் குழுவில் கிடார் வாசிக்கச் சேர விரும்பும் தங்கைகளுக்கு உதவும் என்று என் அனுபவத்தை எழுதச் சொன்னார்கள். எழுதலாமா வேண்டாமா என்று ஒரு வாரம் யோசித்தேன். மூன்று வருடம் வாசித்தவள் மூத்த கலைஞரைப் போலப் பேசுவது சரியா என்று இப்போதும் சந்தேகம்தான். ஆனால் எங்கள் ஓசூர், மத்திகிரிப் பக்கத்தில் மேடையில் கிடார் வாசிக்கும் பெண் வேறு யாரும் இல்லை. ஆளில்லாத ஊரில் நான்தான் மூத்தவள்.

1. முதல் நாள்

நான் வாசிப்பது ஹவாயன் கிடார். நின்றுகொண்டு தோளில் மாட்டி வாசிக்கும் வகை அல்ல. மடியில் படுக்க வைத்து, இடது கையில் ஒரு ஸ்டீல் பாரைப் பிடித்துக் கம்பிகள் மேல் நகர்த்த வேண்டும். வலது கை விரல்களில் பிக் மாட்டி மீட்ட வேண்டும். பெங்களூரில் ஆசிரியர் பயிற்சி படித்தபோது ஹாஸ்டல் வார்டன் அம்மா கற்றுக்கொடுத்தார். உட்கார்ந்தபடி வாசிப்பதால் இது பெண்களுக்கு அடக்கமான வாத்தியம் என்பது அவர் கருத்து. கல்யாணமாகிப் பெண் குழந்தை பிறந்த பிறகுதான் இதில் உள்ள சிக்கல் புரிந்தது. கிடாருக்கும் மடி வேண்டும், பாப்பாவுக்கும் மடி வேண்டும். என்னிடம் இருப்பது ஒன்று.

ஓசூரில் தேவராஜ் மாஸ்டர் குழு நடத்திவந்தார். ஆர்மோனியம் வாசிப்பார். அவரே அறிவிப்பாளர், அவரே இசையமைப்பாளர், நோட்டீஸில் 'இன்னிசைச் செம்மல்'. அந்தப் பட்டத்தைக் கொடுத்தவரும் அவரே. முதல் நாள் ஒத்திகைக்குப் போனபோது பாப்பாவுக்குப் பல் முளைக்கும் சமயம். பாட்டுக்கு நடுவே அவள் வீறிட்டாள்.

மாஸ்டர் வாசிப்பதை நிறுத்திவிட்டு, "சிஸ்டர், கொழந்த எந்த கட்டைல அழுவுது தெரியுமா? நம்ம பாடகரு அந்த சுருதிய எட்ட ஒரு வருசமா ட்ரை பண்றாரு" என்றார்.

பாடகர் மஞ்சுநாத் வீட்டில் கன்னடம் பேசுகிறவர், மேடையில் மூன்று பாஷையிலும் பாடுவார். அவர் கோபித்துக்கொள்ளவில்லை. "பாப்பாவ குழுல சேத்துக்கங்க மாஸ்டர், எனக்கும் ரெஸ்ட் ஆவும்" என்றார்.

என்னைச் சேர்த்துக்கொண்டார்கள். என் வாசிப்புக்காகவா, ஓசூரில் வேறு ஹவாயன் கிடாரே இல்லை என்பதற்காகவா என்று நான் கேட்கவில்லை. கேட்டால் பதில் சொல்லிவிடுவார்களோ என்று பயம்.

அத்தை, அதாவது என் மாமியார், ஒரு நிபந்தனை போட்டார். கச்சேரி எங்கே நடந்தாலும் அவர் மகன் கூடப் போக வேண்டும். என் கணவர் சாமுவேல் மத்திகிரி மாட்டுப் பண்ணை அலுவலகத்தில் கிளார்க். சாதுவானவர். ஒவ்வொரு கச்சேரியிலும் முன்வரிசையில் பாப்பாவைத் தோளில் போட்டுக்கொண்டு உட்காருவார். ஒரு தோளில் குழந்தை, மறு தோளில் பால் புட்டிப் பை. அவரைப் பார்த்தால் மனைவியின் கச்சேரிக்கு வந்தவர் போல இருக்காது. ரயிலைத் தவறவிட்டவர் போல இருக்கும்.

2. தாக்கங்கள்

பெரிய கலைஞர்கள் தங்கள் கலையைப் பாதித்தவர்கள் என்று ஒரு பட்டியல் எழுதுவார்கள். என் கலையைப் பாதித்தவை இவை: ஞாயிற்றுக்கிழமை ஆராதனை, அடுத்த வீட்டு ரேடியோ, என் கணவரின் தூக்கம்.

ஆராதனைப் பாட்டுகளிலிருந்து மெதுவாக வாசிக்கக் கற்றேன். அடுத்த வீட்டு ரேடியோ பாதிப் பாட்டில் அணைந்துவிடும், மீதியை நானே போட்டு முடிப்பேன். அப்படித்தான் மெட்டுப் போடவே வந்தது. மூன்றாவதைக் கொஞ்சம் விளக்க வேண்டும். விடுமுறை நாளில் என் கணவர் தூங்கினால் அது ஓர் இயற்கை நிகழ்ச்சி. ஒரு ஞாயிறு காலை பாப்பா அழுதுகொண்டிருந்தாள், அடுப்பில் பால் பொங்கி வழிந்தது, அவர் புரண்டுகூடப் படுக்கவில்லை. அவரை எழுப்பத் தெம்பில்லாமல் பாப்பாவை ஆட்டிக்கொண்டே நான் முணுமுணுத்ததுதான் இது:

கோழி ரெண்டு கூவியாச்சு
கொட்டாயில பால் கறந்தாச்சு
கூரைமேல வெயில் வந்தாச்சு – ராசா
குறட்டைக்கு மட்டும் விடியலையே!

புள்ள அழுதா எனக்குக் கேக்கும்
பால் பொங்கினா பக்கத்து வூட்டுக்குக் கேக்கும்
பட்டாசு வெடிச்சாலும் – ராசா
உன் காதுக்கு மட்டும் ஞாயித்துக்கெழம!

ஒத்திகையில் இதை வாசித்துக் காட்டினேன். மஞ்சுநாத் இரண்டாம் தடவையே பாட ஆரம்பித்துவிட்டார். மாஸ்டர் கண்ணை மூடிக் கேட்டார். பிறகு ஆர்மோனியத்தில் ஒரு கட்டையை அழுத்தி, "இந்த எடத்துல இத சேத்துக்க" என்றார். அவர் சேர்த்தது ஒரே ஒரு சுரம். அந்த ஒரு சுரத்தால் பாட்டு அவருடையது ஆகிவிட்டது.

குழுவின் வழக்கம் அது. யார் கட்டிய பாட்டாக இருந்தாலும் மைக்கில் மாஸ்டர், "அடுத்து அடியேன் சொந்தமாக இயற்றிய பாடல்" என்பார். நோட்டீஸில் தபேலாக்காரர் பெயர்கூட இருக்கும். என்னைப் பற்றி இருந்த வரி இதுதான்: 'மற்றும் குடும்பப் பெண் ஒருவர் கிடார் வாசிப்பார்.'

"மாஸ்டர், அந்தப் பாட்டுக்கு மட்டும் என் பேரச் சொல்லுங்களேன்" என்று கேட்டுப் பார்த்தேன்.

"குடும்பத்துப் பொம்பள பேர மைக்ல சொல்றது மரியாதையா சிஸ்டர்? உன் நல்லதுக்குத்தான் சொல்றன்."

வீட்டுக்கு வந்து யோசித்தேன். ஒரு பெயருக்காக ஆசைப்படுவது அகங்காரம்தானோ? பாப்பா வளர்ந்து, அம்மா என்ன செய்தாள் என்று கேட்டால் என்ன சொல்வது? குடும்பப் பெண் ஒருவர் வாசித்தார் என்றா? ஆசை போகவில்லை. ஒரே ஒரு தடவை மைக்கில் என் பெயர் வர வேண்டும்.

3. காவேரிப்பட்டினம்

எல்லைப் பக்கத்துக் கல்யாணக் கச்சேரியில் ஒரு தொழில் ரகசியம் உண்டு. பெண் வீட்டார் கன்னடம் பேசுவார்கள், மாப்பிள்ளை வீட்டார் தெலுங்கு பேசுவார்கள், சமையல்காரர் தமிழில் திட்டுவார். எந்தப் பாஷையில் பாடினாலும் யாராவது ஒருவர் முகத்தைத் திருப்பிக்கொள்வார். அதற்கு மாஸ்டர் கண்டுபிடித்த மருந்து, பாட்டில் மாப்பிள்ளையின் பெயரைச் சொருகிவிடுவது. 'ராசா' என்று வரும் இடத்தில் எல்லாம் மாப்பிள்ளை பெயர். பெயரைக் கேட்டதும் எந்தப் பாஷைக்காரரும் கைதட்டுவார். அதுவரை ஒருமுறையும் தவறியதில்லை.

கிருஷ்ணகிரியைத் தாண்டி இருக்கும் காவேரிப்பட்டினத்தில் ஒரு மண்டிக்காரர் வீட்டுக் கல்யாணம். காலையில் முகூர்த்தம், சாயங்காலம் வரவேற்பு, அதில் எங்கள் கச்சேரி. நாங்கள் பஸ் பிடித்துப் போய்ச் சேர்ந்தபோது விளக்குகள் போட்டுவிட்டார்கள். மாஸ்டர் வழக்கம்போலப் பந்தலில் ஒருவரிடம் மாப்பிள்ளையின் பெயரை மட்டும் கேட்டுக்கொண்டு மேடை ஏறினார். வேறெதையும் விசாரிக்கவில்லை.

மூன்றாவது பாட்டாக என் பாட்டு. "அடியேன் சொந்தமாக இயற்றிய பாடல்" என்றார் மாஸ்டர். மஞ்சுநாத் குழைந்து குழைந்து பாடினார்.

"கூரைமேல வெயில் வந்தாச்சு – சீனிவாசா
குறட்டைக்கு மட்டும் விடியலையே!"

பந்தல் அமைதியானது. கைதட்டலுக்குக் காத்திருந்த மஞ்சுநாத், சரியாகக் கேட்கவில்லை போல என்று நினைத்து, அதே வரியை இன்னும் உரக்கப் பாடினார். பெண் வீட்டார் பக்கத்தில் யாரோ சிரிப்பை அடக்க முடியாமல் இருமினார்கள்.

மாப்பிள்ளையின் தாய்மாமன், ஆகிருதியான மனிதர், எழுந்து மேடைக்கே வந்துவிட்டார். "நிறுத்துடா! எவன்டா உங்களுக்குச் சொன்னான்?"

அவர் சத்தம் போட்டதிலிருந்துதான் விஷயம் தெரிந்தது. அன்று காலை மாப்பிள்ளை நிஜமாகவே தூங்கிவிட்டாராம். கதவைத் தட்டியும் எழவில்லையாம். தலையில் ஒரு குடம் தண்ணீரைக் கொட்டி எழுப்பி, ஈரத்தலையோடு மணையில் உட்கார வைத்திருக்கிறார்கள். பெண் வீட்டார் காலையிலிருந்து அதையே சொல்லிச் சிரித்துக்கொண்டிருந்தார்களாம். இப்போது கூலி கொடுத்துக் கூட்டிவந்த குழுவும் மைக்கில் அதையே பாடுகிறது.

"பொண்ணு வூட்டுக்காரங்க சொல்லிக் குடுத்தாங்களா? எவன்டா இந்தப் பாட்ட கட்டனது?"

மாஸ்டரைப் பார்த்தேன். சற்றுமுன் சொந்தமாக இயற்றியவர் இரண்டு கையையும் உயர்த்தினார். "ஐயா, நான் வெறும் ஆர்மோனியங்க. பாட்ட எழுதுனது, மெட்டுப் போட்டது எல்லாமே இவங்கதான். மிஸஸ் எஸ்தர் சாமுவேல். மத்திகிரி." இதை மைக்கிலேயே சொன்னார்.

ஆக, என் பெயர் மைக்கில் வந்துவிட்டது. முழுப்பெயர், கணவர் பெயர், ஊர்ப்பெயர். அடிக்க வருகிறவர்களுக்கு வழி தெரிய வேண்டும் அல்லவா.

மடியில் கிடார் இருந்ததால் எழுந்து ஓடவும் வழியில்லை. 'நான் எழுதவில்லை, எங்கோ கேட்ட பாட்டு' என்று சொல்லிவிடலாமா? சொன்னால் தப்பித்துவிடலாம். ஆனால் அப்புறம் ஒருபோதும் அந்தப் பாட்டை என்னுடையது என்று சொல்ல முடியாது. ஆமாம் என்றால், யாரைப் பற்றி என்ற கேள்வி வரும். அந்த ஆள் முன்வரிசையில் என் குழந்தையோடு உட்கார்ந்திருக்கிறார்.

"நான்தாங்க எழுதினேன்" என்றேன்.

"எங்க மாப்ளய உனக்கு எப்படிம்மா தெரியும்?"

"தெரியாதுங்க. பேரு எங்க குழு வழக்கத்துக்குச் சேத்தது. பாட்டு எங்க வூட்டுக்காரரப் பத்தினது."

"எங்க உங்க வூட்டுக்காரு?"

நான் காட்டினேன். என் கணவர் அலுவலகத்தில் மேலதிகாரி கூப்பிட்டது போல எழுந்து நின்றார். பாப்பா அவர் தோளில் தூங்கிக்கொண்டிருந்தாள்.

தாய்மாமன் அவரை மேலும் கீழும் பார்த்தார். "ஏம்ப்பா, நெசமாவே இப்படித் தூங்குவியா?"

என் கணவர் சுற்றிலும் பார்த்தார். என்னையும் பார்த்தார். "ஞாயித்துக்கெழம மட்டுங்க" என்றார்.

முதலில் சிரித்தது மணப்பெண். முந்தானையால் வாயை மூடிக்கொண்டு குலுங்கிக் குலுங்கிச் சிரித்தாள். அப்புறம் மாப்பிள்ளை. அப்புறம் பந்தலே சிரித்தது. தாய்மாமனும் எவ்வளவு நேரம்தான் மீசையை முறுக்கிக்கொண்டு நிற்பார்? "சரி, எங்க சீனுவுக்கு ஒரு ஜோடி கெடச்சான். பாடுங்கடா. ஆனா பேர மாத்திப் பாடணும்" என்றார்.

மஞ்சுநாத் 'சாமுவேலு' என்று போட்டுப் பாடினார். காவேரிப்பட்டினமே கைதட்டியது.

திரும்பும் பஸ்ஸில் என் கணவர் ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டே வந்தார். தவறு செய்துவிட்டேனோ? ஒரு மனிதரை ஊர் சிரிக்க வைத்துத்தான் எனக்குப் பெயர் வர வேண்டுமா? சூளகிரி தாண்டியதும் அவர் மெதுவாகக் கேட்டார்.

"நான் கொறட்ட விடறனா?"

"விடறீங்க."

பாப்பாவைத் தோள் மாற்றிப் போட்டுக்கொண்டார். "எந்த கட்டைல?"

4. கிருஷ்ணகிரி

அதன் பிறகு போகும் இடமெல்லாம் 'தூங்குமூஞ்சிப் பாட்டு' கேட்டார்கள். கேட்கக் கேட்க மாஸ்டரின் ஞாபகமும் திரும்பிவந்தது. கிருஷ்ணகிரியில் ஒரு பள்ளிக்கூட ஆண்டு விழா. மைதானம் நிறையக் கூட்டம். மாஸ்டர் மைக்கைத் தட்டிப் பார்த்துவிட்டு, "அடுத்து, நீங்கள் ஆவலுடன் எதிர்பார்க்கும், அடியேன் சொந்தமாக இயற்றிய பாடல்" என்றார்.

திட்டு வந்தபோது என் பாட்டு, கைதட்டல் வந்தபோது அவர் பாட்டு. அந்தக் கணக்கு எனக்குப் புரியவில்லை.

அந்தப் பாட்டு கிடாரில் ஆரம்பிக்கும். மேல் சுரத்திலிருந்து ஸ்டீல் பாரை இழுத்துக் கீழே கொண்டுவர வேண்டும், கொட்டாவி விடுவது போல. அந்த இழுப்பு நிற்கும் இடத்தில்தான் மஞ்சுநாத் சுருதியைப் பிடிப்பார். மாஸ்டர் என் பக்கம் தலையை அசைத்தார். நான் துணியை எடுத்துக் கம்பிகளைத் துடைக்க ஆரம்பித்தேன்.

"சிஸ்டர், ஸ்டார்ட்."

"பேரு, மாஸ்டர்."

"என்னா பேரு?"

"காவேரிப்பட்டினத்துல சொன்னீங்களே, அதே பேரு."

"அப்பறம் சொல்றன். ஜனங்க காத்துனு இருக்காங்க."

"அப்ப பாட்டும் அப்பறம்."

கூட்டத்தில் விசில் கிளம்பியது. மாஸ்டர் தபேலாவுக்குக் கை காட்டினார். தபேலா இரண்டு சுற்று சுற்றிவிட்டு, எங்கே போவதென்று தெரியாமல் நின்றது. மஞ்சுநாத் வாயைத் திறந்து மூடினார். மைக்கை விட்டு விலகி, "கொட்டுபிடி மாஸ்டர், பேருதானே" என்றார் பாதிக் கன்னடத்தில். கொடுத்துவிடுங்கள் என்று அர்த்தம்.

கம்பியைத் துடைத்துக்கொண்டிருந்த எனக்குள்ளும் சந்தேகம்தான். இத்தனை பேரைக் காக்க வைப்பது மரியாதையா? நாளையிலிருந்து குழுவில் இடம் இருக்குமா? துடைத்த கம்பியையே திரும்பத் திரும்பத் துடைத்தேன்.

மாஸ்டர் தொண்டையைக் கனைத்தார். "இந்தப் பாடலை இயற்றி மெட்டமைத்தவர் நமது குழுவின் கிடார் கலைஞர், மிஸஸ் எஸ்தர் சாமுவேல்" என்றார். மூச்சு விட்டார். "எனது மேற்பார்வையில்" என்று சேர்த்தார்.

அதற்கும் சண்டை போடலாமா என்று ஒரு கணம் யோசித்தேன். பாப்பாவுக்குப் பால் நேரம் நெருங்கிக்கொண்டிருந்தது. மேற்பார்வையை விட்டுக்கொடுத்தேன்.

தங்கைகளே, நான் கற்றது இவ்வளவுதான். பாட்டு எழுதுங்கள், மெட்டுப் போடுங்கள், பெரியவர்களுக்கு மரியாதை கொடுங்கள், யார் மனமும் புண்படாமல் கேட்டுப் பாருங்கள். அதோடு, எழுதும்போதே பாட்டின் முதல் சுரத்தை உங்கள் வாத்தியத்துக்கு வைத்துக்கொள்ளுங்கள். பணிவாகக் கேட்டால் கிடைக்காத மரியாதை, கம்பியைத் துடைத்தால் கிடைக்கிறது. இப்படிச் சொல்லிக்கொடுப்பது சரியா என்று தெரியவில்லை. ஆனால் போன வாரம் வந்த புது நோட்டீஸில் குடும்பப் பெண் இல்லை. எஸ்தர் இருக்கிறாள்.