உலமிலாவின் வேர்க்கட்டு

வாரம் முழுக்க சுகாதார நிலையத்தில் நர்ஸ் வேலை. சனிக்கிழமை வந்தால் எங்கள் ஊர்ச் சிறுவர் கால்பந்து அணிக்கு முதலுதவி. இதில் உலமிலாவுக்குக் கிடைத்ததெல்லாம் வயிற்றெரிச்சல்தான். 'ஐஸ் வாளி' என்று பையன்கள் பட்டப்பெயர் வேறு வைத்திருந்தார்கள். அணியின் வேனை ஓட்டுகிறவன் என்பதால் அவள் புலம்பலில் முக்கால்வாசி என் காதில்தான் விழும்.

புலம்பாமல் என்ன செய்வாள்? ஆட்டத்துக்கு முன் உடம்பைச் சூடாக்க ஓடச் சொன்னால், இடுப்பை ஆட்டிக் கூத்தடிப்பார்கள். ஒரே ஜோடி பூட்ஸை இரண்டு பேர் பங்கு போட்டு, ஆளுக்கு ஒற்றைக் காலில் மாட்டிக்கொண்டு வந்து நிற்பார்கள். கணுக்கால் சுளுக்கினால் ஐஸ் வைப்பதற்குள் எவளாவது ஒரு சித்தி தேங்காய் எண்ணெயைச் சுட வைத்துக் கொண்டுவந்து அழுத்தித் தேய்த்து, இன்னும் வீங்க வைத்துவிடுவாள். உலமிலாவே பள்ளி நாளில் அப்படித் தேய்த்துக்கொண்டு அடுத்த வாரமே ஆடி, முழங்காலைத் தொலைத்தவள். இன்றும் வேனில் ஏறும்போது அது சத்தம் போடும்.

இதையெல்லாம்கூடப் பொறுத்துக்கொள்வாள். வேர்க்கட்டுதான் அவளைப் படுத்தியது. "இவன் ரெண்டு வாரம் ஆடக் கூடாது" என்று சொன்ன அன்று மாலையே பையன் வீட்டார், இடித்துக் கரைத்துக் குடிக்கிற யங்கோனா வேர்க்கட்டோடு வந்துவிடுவார்கள். அதைப் பாயில் வைத்து, தலைகுனிந்து, பையனை ஆட விடும்படி கேட்பார்கள். வேரைத் தொட்டால் கேட்டதைக் கொடுத்தாயிற்று. தொடாமல் இருப்பது வந்தவர் முகத்தில் காறித் துப்புவதற்குச் சமம். எங்கள் ஊரில் யார் அதைச் செய்வார்கள்? தொட்டுத் தொலைப்பாள். அடுத்த ஆட்டத்தில் அந்தப் பையன் நொண்டிக்கொண்டு ஓடுவான். பார்க்கிற எனக்கே பற்றிக்கொண்டு வரும்.

அரையிறுதியில் அபெனிசாவின் தலையும் எதிரணிப் பையன் ஒருவனின் தலையும் மோதின. அபெனிசா எழுந்தான், தள்ளாடினான், உலமிலா வாளியைத் தூக்குவதற்குள் ஓடிப்போய் வெற்றி கோலையும் அடித்துவிட்டான். ஊரே துள்ளிக் குதித்தது. அவள் மட்டும் அவனை வெளியே இழுத்து உட்கார வைத்து, "இது முதல் பாதியா, ரெண்டாவதா?" என்று கேட்டாள். அவன் திருதிருவென்று விழித்தான்.

"ஃபைனலுக்கு இவன் கிடையாது."

அவன் தாய்மாமா தொமாசி சிரித்தார். அணியின் மேனேஜரும் அவர்தான். "என்ன நர்ஸம்மா, தலை கலங்கினவனா இப்படி ஒரு கோல் அடிப்பான்? உனக்குத்தான் கலங்கிருச்சு."

"இன்னொரு அடி பட்டா உசுரே போயிரும், தொமாசி. இது சுளுக்கு இல்ல."

"சரி சரி, சாயங்காலம் வீட்டுக்கு வந்து பேசுறோம்."

பேசுவது என்றால் என்னவென்று எங்களுக்குத் தெரியாதா? வேனில் ஏறிய வேகத்தில் கத்தினாள்: "பெருமாளு, மார்க்கெட்டுக்கு விடு!"

இருந்ததிலேயே பெரிய வேர்க்கட்டை வாங்கினாள். தொமாசி வீட்டுக்குப் போனபோது அவர்கள் தங்கள் கட்டுக்குச் செய்தித்தாள் சுற்றிக்கொண்டிருந்தார்கள். உலமிலா நேராக உள்ளே போய்ப் பாயில் உட்கார்ந்து, தன் கட்டை முன்னால் வைத்தாள்.

"டாக்டர் சரின்னு சொல்ற வரைக்கும் இந்தப் பிள்ளைய கிரவுண்டுல இறக்காதீங்க. இதுதான் நான் கேக்குறது."

தொமாசி வேரைப் பார்த்தார். தன் கையிலிருந்த செய்தித்தாளைப் பார்த்தார். "இது அநியாயம், நர்ஸம்மா."

"ஆமா. தொடுங்க."

பாம்பைத் தொடுவது போலத் தொட்டார். வேரை ஏற்றுக்கொண்டதற்கு அடையாளமாக வீட்டு ஆண்கள் வழக்கப்படி கை தட்டினார்கள். அவ்வளவு சோகமான கைதட்டலை நான் கேட்டதில்லை.

அபெனிசா தனக்கு ஒன்றுமில்லை என்று சொல்லி டாக்டரிடம் போகவேயில்லை; அவன் வெளியே உட்கார்ந்திருக்க, இறுதிப் போட்டியில் தோற்றோம். திரும்பும்போது வேனில் ஒருவரும் உலமிலாவின் முகத்தைப் பார்க்கவில்லை. அவள் முன் இருக்கையில் வாளியை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். தொமாசிக்கு ஆற்றாமை தாங்கவில்லை; அபெனிசா பக்கம் திரும்பினார்.

"நீ இறங்கியிருந்தா கோப்பை நம்ம கையில. அன்னிக்கு எடது கால்ல ஒண்ணு விட்டியே, கோல்கீப்பர் வாயப் பொளந்துட்டு நின்னான்! ஞாபகம் இருக்காடா?"

அபெனிசா ஜன்னலைப் பார்த்தபடி இருந்தான். "இல்ல மாமா."

"என்ன இல்ல?"

"அந்த கோல் எனக்கு ஞாபகமே இல்ல. எல்லாரும் சொல்றீங்களேன்னு நானும் தலையாட்டினேன். தலை இன்னும் வலிக்குது."

உலமிலா திரும்பினாள். "இத ஒரு வாரமா வாய்க்குள்ள வச்சிருந்தியாடா, கழுதை?"

தொமாசி என் தோளைத் தொட்டார்.

"ஆஸ்பத்திரிக்கு விடு, பெருமாளு. பள்ளம் பாத்து, மெதுவா."