சங்கமித்ரா வரிக்காரி ஆன கதை

ரேஷன் கடை மிஷினில் சங்கமித்ரா கட்டைவிரலை வைத்தாள். கடைக்காரன் நாகேஷ் திரையைப் பார்த்துவிட்டு அவளைப் பார்த்தான்.

"அக்கா, உங்க கார்டு கேன்சல் ஆயிட்டுது. இன்கம்டாக்ஸ் கட்றவங்கன்னு வருது."

"யாரு, நானா?"

வரிசையில் நின்றவர்கள் சிரித்தார்கள். "இன்னா சங்கமித்ரா, எங்ககிட்ட சொல்லவே இல்லியே!" என்றது ஒரு குரல். அவளுக்கும் சிரிப்புதான் வந்தது. வெறும் பையோடு, பழைய தங்கச் சுரங்கத் தொழிலாளர் குடியிருப்பான மைசூர் மைன்ஸ் லைனில் இருந்த வீட்டுக்குத் திரும்பும் வழியில் அந்தச் சிரிப்பு போய்விட்டது.

கணவன் ரத்தினம் செத்த பிறகு, விடியும் முன் கிளம்பும் ரயிலில் பெங்களூர் போய் ஒரு கம்பெனியில் தரை துடைத்துத்தான் அவள் மகனை வளர்த்தாள். வருமான வரி என்பது தான் துடைக்கும் கண்ணாடி அறைகளுக்குள் உட்கார்ந்திருப்பவர்களின் வியாதி என்றே நினைத்திருந்தாள். மார்ச் மாதம் வந்தால் அவர்கள் அதைப் பற்றித்தான் புலம்புவார்கள்.

அந்தக் கம்பெனியில் கணக்குப் பார்க்கும் மமதாவிடம் போய் நின்றாள். மமதா கம்ப்யூட்டரில் தேடிப் பார்த்தாள்.

"ஆன்ட்டி, ரெண்டு வருஷம் முன்னாடி உங்க பேர்ல ரிட்டர்ன் போட்டிருக்காங்க. டைலரிங் பிசினஸ், வருமானம் அஞ்சு லட்சத்துச் சொச்சம்னு இருக்கு."

"எங்க வூட்ல தையல் மிஷினே இல்லம்மா."

"ஆனா டாக்ஸ் ஒரு ரூபா கூட கட்டல. எனக்கு இவ்ளோ வருமானம்னு சொல்றதுதான் ரிட்டர்ன். வரி வந்தாத்தான் கட்டணும். உங்களுக்குத் தள்ளுபடி போக பூஜ்யம்தான். ரெண்டும் வேற வேற ஆன்ட்டி."

அப்போதுதான் அவளுக்கு ஏனோக்கின் ஞாபகம் வந்தது. மகன் ராகுலன் சாப்பாடு டெலிவரி வேலைக்கு ஸ்கூட்டர் வேண்டும் என்று நின்றபோது, ஆண்டர்சன்பேட்டையில் லோன் வாங்கித் தரும் ஏனோக்கிடம் போயிருந்தாள். அவன் பான் கார்டை வாங்கிக்கொண்டான். போனில் வந்த நம்பரைப் படிக்கச் சொன்னான். படித்தாள். வண்டி வந்தது.

அன்று சாயங்காலமே அவனைத் தேடிப் போய்க் கேட்டாள்.

"லோன் வேணும்னு நீங்கதானேக்கா வந்தீங்க? வருமானம் காட்டலேன்னா எவன் வண்டி குடுப்பான்?" என்று சொல்லிவிட்டு ஏனோக் வேறு ஆளைக் கூப்பிட்டு உட்கார வைத்தான்.

ராகுலன் பெங்களூரிலேயே அறை எடுத்துத் தங்கிவிட்டான். போன் போட்டாள். "பேரு உன்னுதும்மா. இதுல நான் இன்னா பண்றது?" என்றான். பின்னால் வண்டிகளின் இரைச்சல். ஆர்டர் வந்துவிட்டது என்று வைத்துவிட்டான்.

சம்பளத்தில் ஒரு நாளை விட்டுக்கொடுத்து தாலுகா ஆபீசுக்குப் போனாள். மமதா எடுத்துக் கொடுத்த காகிதத்தில், வரி பூஜ்யம் என்றிருந்த இடத்தை விரலால் தொட்டுக் காட்டினாள். அங்கிருந்த அதிகாரி கெட்டவர் இல்லை. உட்காரச் சொன்னார், பொறுமையாகப் படித்தார்.

"நோடம்மா, இங்க பாருங்க, நீங்க வரி கட்டலே. ஒத்துக்கறேன். ஆனா அஞ்சு லட்சம் வருமானம்னு நீங்களே சொல்லியிருக்கீங்களே. அவ்ளோ வருமானம் இருந்தா இந்தக் கார்டு கிடையாது."

"அது பொய் சார்."

"அப்போ, கவர்மெண்டுக்குப் பொய்க் கணக்கு குடுத்தேன்னு எழுதிக் குடுங்க. கார்டுக்கு நான் பாக்கறேன். வரி ஆபீஸ்காரங்க கேஸ் போட்டா, அதுக்கு நான் பொறுப்பில்ல."

பணக்காரி என்று சொன்னால் அரிசி இல்லை. ஏழை என்று சொன்னால் பொய்க்காரி. இரண்டில் ஒன்றுக்குத்தான் அந்த மேஜையில் இடம் இருந்தது.

"கேஸ்னா இன்னா சார் ஆவும்?"

"ஃபைன் போடலாம். அலையணும். எனக்கும் சரியாத் தெரியாது." அவர் தயங்கி, இன்னொரு காகிதத்தை நகர்த்தினார். "இதுல கையெழுத்துப் போட்டா இத்தோட முடிஞ்சிடும். வசதி வந்ததால கார்டை நானே திருப்பித் தரேன்னு இருக்கு."

அவள் கையெழுத்துப் போட்டாள். குடும்பத் தலைவி என்று அரசாங்கத்திடமிருந்து மாதாமாதம் வந்துகொண்டிருந்த பணமும் அதோடு நின்றது.

திரும்பும்போது ஆண்டர்சன்பேட்டை பஜாரில் சின்ன அரிசிப் பாக்கெட் ஒன்று வாங்கினாள். பில்லில் விலைக்கு மேல் ஏதோ சேர்த்திருந்ததைக் கண்டு கேட்டாள்.

"அது வரிம்மா. பாக்கெட் அரிசிக்கு உண்டு. பெரிய மூட்டையா வாங்கினா கிடையாது," என்றார் கடைக்காரர்.

அவள் சில்லறையை எண்ணிக் கொடுத்தாள்.

மறுநாள் ரயிலில், பக்கத்து வீட்டுக்காரி கார்டு என்ன ஆயிற்று என்று கேட்டாள்.

"நமக்கு வசதி வந்துட்டுதுன்னு நானே குடுத்துட்டேன்," என்றாள் சங்கமித்ரா. இந்த முறை யாரும் சிரிக்கவில்லை.