இசக்கியம்மாவின் மூன்று பிளக்குகள்

ஊட்டியில் இருபத்தாறு வருஷமாக மெக்கானிக் கடை வைத்திருக்கிறேன். எந்த வண்டி வந்தாலும் சத்தத்தைக் கேட்டே கோளாறைச் சொல்லிவிடுவேன் என்று எனக்குக் கொஞ்சம் தலைக்கனம் உண்டு. யாராவது கடைக்கு வந்து "யூடியூப்ல பாத்தேங்க" என்று ஆரம்பித்தால், ஸ்பேனரை அவர் கையில் கொடுத்து "அப்ப நீங்களே கழட்டுங்க" என்று சொல்லிவிட்டு டீ குடிக்கப் போய்விடுவேன். அப்பேர்ப்பட்ட என் வாயை அடைத்தவர் கீழ் கோத்தகிரிப் பக்கம் ஒரு எஸ்டேட்டில் வேலை பார்க்கும் இசக்கியம்மா.

அவருக்கு நாற்பத்தாறு வயது. தாத்தா காலத்தில் தென்காசிப் பக்கமிருந்து மலையேறிய குடும்பம். பத்தொன்பது வருஷம் தேயிலைக் கொழுந்து பறித்ததில் வலது தோள் போய்விட்டது. இனிமேல் பறிக்கவும் கூடாது, சுமக்கவும் கூடாது என்று டாக்டர் கையை விரித்துவிட்டார். எஸ்டேட்டில் வேலை இருந்தால்தான் குடியிருக்க லைன் வீடு. புருஷன் இல்லை. மகள் சசிகலா பன்னிரண்டாம் வகுப்பு. அந்தச் சமயம் பார்த்து எஸ்டேட்டின் ஏடிவியை, அதாவது மூட்டை ஏற்றும் சின்ன மலை வண்டியை, ஓட்டிக்கொண்டிருந்த கணேசன் திருப்பூருக்குப் போய்விட்டான். இசக்கியம்மா நேராக மேனேஜரிடம் போய், "அந்த வண்டிய நான் ஓட்டறனுங்க தொரை" என்றார். சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். ஒரே வாரத்தில் ஓட்டிக் காட்டினார்.

அந்த வண்டி ஒரு கிழட்டு டூ ஸ்ட்ரோக். நான்கு தடித்த டயர், பின்னால் கொழுந்து மூட்டை அடுக்க ஒரு கம்பிச் சட்டம். டிராக்டர் இறங்க முடியாத சரிவுகளில் அதுதான் ஏறி இறங்கும். இஞ்சினுக்குத் தண்ணீர்க் குளிர்ச்சி கிடையாது. சிலிண்டரைச் சுற்றியுள்ள தகடுகளில் காற்றுப் பட்டால்தான் உண்டு. போன வருஷம் சர்வீசுக்காக லாரியில் ஏற்றி என் கடைக்கு அனுப்பினார்கள். ஸ்டார்ட் செய்ததும் குப்பென்று கறுப்புப் புகை. பெட்ரோல் அதிகமாகப் போகிறது என்று, கார்புரேட்டரில் பெட்ரோலை அளந்து விடுகிற ஜெட்டைக் கழற்றிவிட்டு, ஓட்டை சின்னதாக உள்ள இன்னொரு ஜெட்டைப் போட்டேன். புகை நின்றது, சத்தமும் சுத்தமாக வந்தது. பெருமையோடு அனுப்பிவைத்தேன்.

மூன்றாவது வாரமே இஞ்சின் சீஸ் ஆகிவிட்டது. சூடு தாங்காமல் பிஸ்டன் வீங்கி சிலிண்டரோடு ஒட்டி நின்றுவிடுவதை அப்படிச் சொல்வோம். சரிசெய்து கொடுத்தபோது இசக்கியம்மாவுக்கு ஒரு பிரசங்கமே நடத்தினேன். பெட்ரோலில் ஆயிலை அளந்து கலக்கணும். தகட்டில் சேறும் இலையும் அடையக் கூடாது. இறக்கத்தில் ஆக்சிலேட்டரை ஒரேயடியாக மூடிக்கொண்டு வரக் கூடாது. பெட்ரோலோடுதான் ஆயில் போகிறது, அதை நிறுத்தினால் பிஸ்டன் காய்ந்துவிடும். சூடான இஞ்சின்மேல் பச்சைத் தண்ணீர் ஊற்றினால் சிலிண்டர் விரிசல் விடும். எல்லாவற்றுக்கும் தலையாட்டிவிட்டு ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

"ஏனுங்க, நீங்க சர்வீஸ் பண்றதுக்கு முன்னால இது ஒரு நாளும் இப்படி நிக்கலீங்களே?"

எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வந்தது. "கணேசனுக்கு ஓட்டத் தெரியும்" என்றேன்.

இரண்டு மாதத்தில் மறுபடியும் சீஸ். இந்தத் தடவை நானே எஸ்டேட்டுக்குப் போனேன். காலை மஸ்டர் நேரம். பேர் கூப்பிடுவதற்காக நூறு பேர் நின்றுகொண்டிருந்தார்கள். அவர்கள் எல்லார் முன்னாலும், "வண்டிய எரிச்சது இந்தம்மாதான்" என்று சொன்னேன். இன்றைக்கு நினைத்தாலும் நாக்கைப் பிடுங்கிக்கொண்டு சாகலாம் போல இருக்கிறது. மேனேஜர் ஆண்ட்ரூ அதிகம் பேசுகிறவர் இல்லை. "இன்னொரு தடவை ஆச்சுன்னா வண்டி பழைய இரும்புக் கடைக்குத்தான்" என்றார். வண்டி போனால் இசக்கியம்மாவுக்கு வேலை இல்லை, வேலை போனால் வீடு இல்லை. அது அங்கே நின்ற எல்லாருக்கும் தெரியும்.

அன்றைக்கும் சரிசெய்து கொடுத்துவிட்டு வந்தேன். அதற்கு ஒரு மாதம் கழித்து ஒரு சனிக்கிழமை மத்தியானம், இசக்கியம்மா கோத்தகிரியில் பஸ் மாறி என் கடைக்கு வந்து நின்றார். வண்டி மறுபடி கொதிக்க ஆரம்பித்திருக்கிறது. வெள்ளிக்கிழமை அவரே அதை ஓரங்கட்டிவிட்டு, இதற்கு மேல் ஓட்டினால் செத்துவிடும், ஓட்ட மாட்டேன் என்று சொல்லிவிட்டாராம். மேனேஜர், அப்படியானால் திங்கட்கிழமை இரும்புக் கடைக்காரனை வரச்சொல்கிறேன் என்றாராம்.

"அதுக்கு நான் என்ன பண்றது?" என்றேன்.

அவர் பையிலிருந்து மூன்று காகிதப் பொட்டலங்களை எடுத்து மேஜையில் வைத்தார். சசிகலாவின் நோட்டில் கிழித்த தாள்கள். 'இரண்டாம் நம்பர் காடு', 'ஐந்தாம் நம்பர் காடு', 'ஏழாம் நம்பர் காடு' என்று அவள் கையெழுத்து. தேயிலைத் தோட்டத்தின் ஒவ்வொரு பகுதியையும் காடு என்றுதான் சொல்வார்கள். ஒவ்வொன்றிலும் ஒரு ஸ்பார்க் பிளக். ஒவ்வொரு காட்டுக்கும் ஒரு புது பிளக்கைப் போட்டு, ஒரு நாள் முழுக்க அந்தக் காட்டில் மட்டும் ஓட்டி, கடைசி ஏற்றத்தில் மூட்டையோடு ஏறும்போதே இஞ்சினை அணைத்துக் கழற்றி எடுத்திருக்கிறார்.

இரண்டாம் நம்பர் காடு எஸ்டேட்டின் உச்சியில் இருக்கிறது. அந்த பிளக்கின் நுனி நல்ல டீ நிறம், அப்படித்தான் இருக்க வேண்டும். நடுவில் இருக்கும் ஐந்தாம் நம்பர் வெளுத்திருந்தது. அடிவாரத்து ஏழாம் நம்பர் சுண்ணாம்பு மாதிரி வெள்ளை. பெட்ரோல் பற்றாமல் இஞ்சின் வெந்துபோகிறது என்று அர்த்தம்.

"ஆயில் அளவு ஒண்ணுதானுங்க. தகட்டைத் தினமும் பல் பிரஷ் போட்டுத் தேய்க்கறன். ஓட்டறதும் நான்தான். காடு மட்டும்தானுங்க வேற" என்றார்.

நான் அந்த வெள்ளை பிளக்கை எடுத்து வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தேன்.

"தப்பா நெனைக்காதீங்க. ஒரே செடிதானுங்க. மேல் காட்டுக் கொழுந்துக்கு ஒரு ருசி, கீழ் காட்டுக் கொழுந்துக்கு ஒரு ருசி. காத்து வேறங்க. செடிக்கே அப்படின்னா, காத்தக் குடிச்சு ஓடற இஞ்சினுக்கு இருக்காதுங்களா? நீங்க ஊட்டிக் காத்துக்குப் பாத்து வெச்சீங்க. வண்டி ஊட்டியில ஓடலீங்களே."

ஊட்டியில் காற்று மெலிசு. கீழே இறங்க இறங்கக் கெட்டி. கெட்டிக் காற்றுக்குப் பெட்ரோலும் அதிகம் வேண்டும். இது எனக்குத் தெரியாததா? சமவெளியிலிருந்து மேலே வந்து திணறுகிற வண்டிகளுக்கு வருஷம் முழுக்க ஜெட்டைச் சின்னதாக்கிக் கொடுப்பதுதானே என் பிழைப்பு. அதே கைப்பழக்கத்தில் இந்த வண்டிக்கும் செய்தேன். இது லாரியில் வந்து லாரியில் திரும்பிப் போகிற வண்டி என்று ஒரு நிமிஷம் யோசிக்கவில்லை. இருபத்தாறு வருஷம் படித்ததை நான் கோட்டைவிட்டேன். புத்தகமும் இல்லாமல், சொல்லிக்கொடுக்க ஆளும் இல்லாமல், தோள் வலியோடு சரிவில் ஏறி இறங்கி இந்த மனுஷி அதைக் கண்டுபிடித்திருந்தார். கும்பிட வேண்டும் போல இருந்தது. என் திமிர் விடவில்லை. "உக்காருங்க" என்று மட்டும் சொன்னேன்.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை, ஜெட் டப்பாவோடு ஜீப்பில் போனேன். ஏழாம் நம்பர் காட்டின் அடியில் வைத்துப் பெரிய ஜெட்டைப் போட்டேன். கொழுந்துக்குப் பதிலாக மண் மூட்டைகளை ஏற்றிக்கொண்டு அவர் ஓட்ட, நான் பின்னால் தொற்றிக்கொண்டேன். மூன்று தடவை ஏறி இறங்கினோம். இறக்கத்தில் ஒவ்வொரு வளைவிலும் ஆக்சிலேட்டரை லேசாகத் திருகி பிஸ்டனுக்கு ஆயில் கொடுத்தார். பேச்சுக்குப் பேச்சு எல்லாருக்கும் அதைச் சொல்லிக்கொடுக்கிற நான்கூட என் வண்டியில் பாதி நேரம் மறந்துவிடுவேன். அவர் ஒரு வளைவையும் விடவில்லை. மூன்றாவது ஏற்றத்தின் உச்சியில் அணைத்து பிளக்கைக் கழற்றினோம். டீ நிறம்.

"மேல் காட்டுல இனி கொஞ்சம் புகை விடும். பரவால்ல, அதனால சாகாது" என்றேன். "தொரைக்கு ஃபோன்ல சொல்லிடறேன், உங்க வேலைக்கு ஒண்ணும் ஆகாது."

அவர் கையைத் துடைத்துக்கொண்டே என்னை நிமிர்ந்து பார்த்தார். "எல்லார் முன்னாலயும்தானுங்களே எரிச்சேன்னு சொன்னீங்க."

திங்கட்கிழமை காலை மஸ்டரில் போய் நின்றேன். நூறு பேர். "வண்டி ரெண்டு தடவை நின்னதுக்கும் நான்தான் காரணம். என் வேலையில தப்பு. கண்டுபிடிச்சது இசக்கியம்மா. இனி இந்த வண்டியில என்ன செய்யறதா இருந்தாலும் அவங்களக் கேட்டுத்தான் செய்வேன்" என்றேன். ஆண்ட்ரூ என்னை முறைத்துவிட்டு, இரும்புக் கடைக்காரனுக்கு ஃபோன் போட்டு வர வேண்டாம் என்றார். பிறகு பேர் கூப்பிடத் தொடங்கினார்கள். "இசக்கியம்மா, ஏடிவி" என்றதும் அவர் "இருக்கறனுங்க" என்றார்.

கிளம்புகிற நேரத்தில், "ஒரு டீ குடிச்சிட்டுப் போங்க" என்று கூப்பிட்டார். லைன் வீட்டுக்குள் தலையைக் குனிந்து நுழைந்தேன். சுவரில் ஒன்றுமில்லை. அலமாரி காலி. பாத்திரம், துணி, சாமி படம், சசிகலாவின் புத்தகம் எல்லாம் கொழுந்துச் சாக்குகளில் மூட்டையாகக் கட்டி வாசலோரம் வரிசையாக வைத்திருந்தது. வெள்ளிக்கிழமை ராத்திரியே, பிளக்கை எடுத்துக்கொண்டு என்னைத் தேடி வருவதற்கு முன்பே கட்டிவிட்டார்களாம். அவ்வளவையும் கட்டி வைத்துவிட்டுத்தான் என் எதிரே வந்து நின்று, தப்பா நெனைக்காதீங்க என்று சொல்லியிருக்கிறார்.

இசக்கியம்மா ஒரு மூட்டையை இழுத்து, இடது கையாலும் பல்லாலும் முடிச்சை அவிழ்த்தார். உள்ளே கைவிட்டுத் துழாவி, எனக்காக ஒரு டம்ளரை எடுத்துக் கழுவினார்.