ஜவ்வரிசிக் களத்தில் காய்ந்த அலுமினா

சர்க்கரை மாத்திரை டப்பாவைக் கவிழ்த்தால் மாத்திரைக்கு முன்னால் ஒரு குட்டிப் பொட்டலம் வந்து விழுகிறது. ஈரம் உறிஞ்சுவதற்காம். அதைப் பார்த்ததும் சேலத்தில் நான் வேலை பார்த்த ஆக்ஸிஜன் கம்பெனி ஞாபகம் வந்து, மாத்திரை போட்டேனா இல்லையா என்பதே மறந்துபோகிறது.

எழுபதுகளின் கடைசி. நாமக்கல்லில் லாரி பாடி கட்டும் பட்டறைகளுக்கு எங்கள் சிலிண்டர்தான் போகும். காற்றை அழுத்தி, ஈரத்தை எடுத்து, அப்புறம் கடுங்குளிரில் ஆக்ஸிஜனைப் பிரிக்க வேண்டும். ஈரத்தை எடுப்பது அலுமினா என்கிற வெள்ளை உருண்டைகள். வாங்கிப் போடுவது என் வேலை. பர்ச்சேஸ் அசிஸ்டெண்ட் என்றால் சும்மாவா! வேறொரு ஆலையில் கழித்த பழைய உருண்டைகளைக் கால் விலைக்குப் பிடித்தேன். பக்கத்து ஜவ்வரிசி ஆலைக் களத்தில் கொட்டி மூன்று நாள் காயவைத்தேன். எங்கள் ஊர்க்காரன் புத்தி அப்படித்தான் போகும். சித்திரை வெயிலில் ஜவ்வரிசி காய்கிறது, இது காயாதா?

ஆபரேட்டர் பழனியப்பன் அண்ணன் சேந்தமங்கலத்துக்காரர். ஓர் உருண்டையைக் கையில் உருட்டிப் பார்த்தார்.

"சாமி, வெயிலு மேலாக்கத்தான் காய வெக்குமுங்க. உள்ளீரம் போவ அடுப்புல வறுக்கோணும். அப்பக்கூட பழசுக்கு அந்த இழுப்பு வராதுங்க."

"எனக்குத் தெரியுமுங்ணா, நீங்க மிசினப் பாருங்க" என்றேன். என்ன திமிர்!

அந்த உருண்டைகளையே நிரப்பி ஓட்டினோம். பத்தாம் நாள் குளிர்க்குழாய்க்குள் ஈரம் பனிக்கட்டியாக அடைத்து, பிளாண்ட் நின்றுவிட்டது. முதலாளி கத்தினார்.

"தேங்குற தண்ணிய மணிக்கொருக்கா வெளிய உடற வால்வ அந்தப் பழனியப்பன் தொறந்தானா இல்லியா? நீ பாத்தியா?"

பார்த்திருந்தேன். ஒரு மணிகூடத் தவறாமல் திறந்தார்.

"கவனிக்கலீங்க" என்றேன்.

அன்றைக்கே அண்ணனை வேலையைவிட்டு நிறுத்தினார்கள். இரண்டு பெண்பிள்ளைகள் அவருக்கு. நான் அந்த உருண்டைகளைச் சத்தமில்லாமல் அள்ளிக் குப்பையில் கொட்டிவிட்டுப் புதுசு வாங்கி நிரப்பினேன். பிளாண்ட் ஓடியது. முதலாளி என்னைத் தட்டிக்கொடுத்தார். இதை எழுதவே கை கூசுகிறது, போங்கள்.

இப்போது கம்பெனி இருந்த இடத்தில் கல்யாண மண்டபம் நிற்கிறது. களத்தை மனை போட்டு விற்றுவிட்டார்கள். போன தையில்தான் துணிந்து சேந்தமங்கலம் போனேன். அண்ணன் இறந்து நான்கு வருஷம் என்றார் அவர் மனைவி. காப்பி கொடுத்து உட்காரவைத்தார்.

"வால்வ ஒருக்கா மறந்துட்டனாட்ட இருக்குதுன்னு சாவற மட்டும் சொல்லிச் சொல்லி மருகுனாருங்க. உங்களுக்கு ஏதாச்சும் தெரியுமுங்களா சாமி?"

காப்பியைக் குடித்து முடித்தேன். பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்று சொல்லி எழுந்து வந்துவிட்டேன்.