எலியை விட்டு இறங்கியவை

விஷம் தின்று அப்போதுதான் செத்திருந்த எலியை வாலைப் பிடித்து மாமா தூக்கினார். அவருடைய மணிக்கட்டில், முடிகளுக்கு நடுவே, பழுப்பாக ஏதோ ஓடியது. நான் குனிவதற்குள் குதித்துவிட்டது. தெள்ளுப்பூச்சி!

2009. சிதம்பரத்தில் விலங்கியல் படித்துக்கொண்டு, கடலூர் பழைய டவுனில் மாமா வீட்டிலிருந்து தினமும் பஸ்ஸில் போய் வந்துகொண்டிருந்தேன். பிளேக் பரவும் விதத்தைத் தேர்வில் படமாகவே வரைந்திருக்கிறேன். எலி, ஓர் அம்புக்குறி, தெள்ளுப்பூச்சி, இன்னோர் அம்புக்குறி, மனிதன். எலியிடம் சுகமாக இருக்கும் பூச்சி மனிதன் பக்கம் எதற்காகத் திரும்பவேண்டும்? அதை ஒருநாளும் கேட்டதில்லை. இப்போது பதில் மாமாவின் கையில் ஓடியது. எலியின் உடம்பு ஆறினால் பூச்சிக்கு வேறு சூடான உடம்பு வேண்டும்.

மாமாவின் அரிசிக் கடைக்குப் பின்கட்டில்தான் வீடு. தவழும் குழந்தை. எலித்தொல்லை தாங்காமல் விஷம் வைத்ததிலிருந்துதான் குழந்தையின் தொடையெல்லாம் தடிப்பு. அத்தை பையைக் கட்டி வைத்துவிட்டார்.

“சேத்தியாத்தோப்புக்குப் போறேன். எங்கம்மா வூட்டுலயும்தான் எலி இருக்கு. இப்படியா கடிக்குது?”

“எலியத்தான் கொன்னாச்சேடி! இன்னும் எவன் கடிக்கிறான்?” என்றார் மாமா.

“வீட்டுக்காரன் செத்துட்டான் மாமா. குடியிருந்தவன்லாம் வேற வீடு தேடுறான்,” என்றேன்.

“அதுக்கு எம்புள்ள காலுதான் கெடைச்சுதா?” என்றார் அத்தை.

என்னால் உட்கார முடியவில்லை. கடைக்கும் வீட்டுக்கும் நடந்துகொண்டே பிளேக் கதையைச் சொல்ல ஆரம்பித்தேன். மாமா என் சட்டையைப் பிடித்து உள்ளே இழுத்தார்.

“மாப்ள, கடையில நின்னு அந்தப் பேரச் சொல்லாத. ஒரு மூட்ட நகராது.”

“இங்க அந்த நோய் இல்ல மாமா. அந்தக் கிருமி பூச்சிக்குள்ள இருந்தாதான் வரும். ஆனா அது வர்ற வழி இதேதான்.”

“இல்லாத நோய்க்கு வழி சொல்றான் பாரு,” என்று அத்தையிடம் சொன்னாரே தவிர, கையை சோப்புப் போட்டு இரண்டு முறை கழுவினார்.

நம்பவைக்க வேண்டுமே. சாயங்காலம் குழந்தை படுக்கும் அறையின் ஜன்னலைச் சாத்தினேன். வெள்ளைத் தட்டில் சோப்புத் தண்ணீர் ஊற்றித் தரையில் வைத்து, அதற்கு மேலே ஒரு சிறிய பல்பைத் தொங்கவிட்டேன். வெளிச்சத்துக்கும் சூட்டுக்கும் பூச்சி வரும் என்பது கணக்கு. குழந்தை அன்று மாடியில் தூங்கியது. காலையில் தட்டில் எள்ளைத் தூவியதுபோல் பூச்சிகள் கிடந்தன. அத்தை பார்த்தார்.

“இதுங்க கூடத்தான் எம்புள்ள படுத்திருந்தானா?”

பையைப் பிரிக்கவில்லை, தூக்கவும் இல்லை. “ஞாயித்துக்கெழம வரைக்கும் பாப்பேன்,” என்றார்.

மிச்சமிருந்த விஷ உருண்டைகளை மாமாவே பொறுக்கி எடுத்தார். வரிசை மாறிப்போயிருந்தது, அவ்வளவுதான். முதலில் பூச்சியைக் கொல்லவேண்டும், அப்புறம்தான் எலியை. கல்லூரிக்கு மட்டம். கால்நடை மருந்துக் கடை திறந்ததும் தெள்ளுப்பூச்சித் தூள் வாங்கவேண்டும். அரிசி மூட்டைகளை முன்பக்கம் நகர்த்திவிட்டு, பொந்துகளின் வாயில் மட்டும் தூவவேண்டும். தினமும் தட்டு வைக்கவேண்டும். அதில் ஒன்றுகூட விழாத காலையில்தான் எலிக்கூண்டில் தேங்காய்ச் சில்லைச் செருகுவது.